ஊர் எதன் பேரில் ஆணையிடுகிறது?

எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து காட்டுப்பள்ளி, பழவேற்காடு வழியாக ஆந்திர எல்லை வரை நீளும் கரையோரத்திலும், அதற்கு மேற்கே கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட் வளாகங்களைச் சுற்றிய கிராமங்களிலும், ஒவ்வொரு குடியிருப்புக்கும் குறைந்தது இரண்டு ஆட்சிகள் உண்டு. ஒன்று சட்டம் உண்டாக்கியது: ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, தென்முனையில் சென்னை மாநகராட்சி. மற்றொன்று எந்த அரசிதழிலும் இடம்பெறாதது: மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து, உள்நாட்டுக் கிராமங்களில் நாட்டாண்மையும் பெரியதனக்காரரும், பழவேற்காட்டின் முஸ்லிம் தெருக்களில் ஜமாஅத், கத்தோலிக்கக் குப்பத்தில் பங்குக் கோயிலோடு சேர்ந்து இயங்கும் ஊர் நிர்வாகம். குடிநீர்க் குழாய் உடைந்தால் மக்கள் முதலாவதிடம் போகிறார்கள். வலை அறுபட்டால், கணவன் மனைவி பிரிந்தால், திருவிழாவுக்கு நாள் குறிக்க வேண்டுமானால், நிறுவனம் ஒன்று இழப்பீடு பேச வந்தால் இரண்டாவதிடம் போகிறார்கள்.

நிர்வாகவியல் இதை அதிகாரப் பங்கீட்டுச் சிக்கலாகப் பார்க்கும். அடியில் இருப்பதோ அறவியல் கேள்வி. ஒருவர் சொல்லுக்கு இன்னொருவர் ஏன் கட்டுப்பட வேண்டும்? மாக்ஸ் வேபர் கட்டுப்பாட்டின் ஊற்றுகளை மரபு, தனிமனித ஈர்ப்பு, சட்டம் என்று மூன்றாகப் பிரித்தார். குப்பத்து வாழ்க்கையில் இந்தப் பிரிவினை அதிகம் உதவுவதில்லை. அங்கே ஊர்ப் பஞ்சாயத்தார் பல இடங்களில் கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். கணக்குக் காட்டாவிட்டால் மாற்றப்படுபவர்கள். மரபு என்ற பெயரில் இயங்கும் அமைப்பு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது; மக்களாட்சி என்ற பெயரில் இயங்கும் அமைப்போ, பின்னால் காணப்போவது போல, ஆண்டுக்கணக்கில் நின்றுபோவதும் உண்டு.

சட்டத்தின் பக்கத்திலிருந்து தொடங்கலாம். 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிச் சொன்னவை கடுமையானவை. காந்தியர்கள் கிராமக் குடியரசு என்று போற்றியதில் அவர் கண்டது குறுகிய ஊர்ப்பற்றும் சாதி அடக்குமுறையும். அதே மாதம் 22ஆம் நாள் தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்; ஊராட்சிகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்னும் 40ஆம் உறுப்பு அப்படித்தான் பிறந்தது. அம்பேத்கர் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்த உறுப்பு ஏற்றது புதிதாக உண்டாக்கப்படும் ஊராட்சியைத்தான். ஏற்கெனவே இருந்த ஊரை அன்று. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் திருத்தங்களும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதே வழியில் சென்றன. இடையில், 1980 நவம்பரில், பரம்பரையாக வந்த மணியக்காரர், கர்ணம் பதவிகளைத் தமிழக அரசு ஒரே அவசரச் சட்டத்தால் நீக்கிக் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் 1982இல் அது செல்லும் என்றது. அரசு தன் கையால் கொடுத்திருந்த பரம்பரை அதிகாரத்தை அரசே திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தது. ஊர்ப் பஞ்சாயத்துக்கு அரசு எதையும் கொடுத்ததில்லை; ஆகவே எடுக்கவும் முடியவில்லை.

நாட்டின் வேறு பகுதிகளில் சட்டம் வழக்காற்றுக்கு வாசல் திறந்திருக்கிறது. ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம், பழங்குடிச் சமூகத்தின் வழக்காறுகளுக்கு இசையவே ஊராட்சிச் சட்டங்கள் இருக்க வேண்டும் என்கிறது. வடகிழக்கில் ஆறாம் அட்டவணை இன்னும் ஒரு படி மேலே போகிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் இருளர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் அந்தச் சட்டம் எட்டாது. இருந்தும் 1994 சட்டத்தில் ஒரு விந்தையான பிரிவு உண்டு. வழக்காற்றின்படி ஊராருக்குப் பொதுவாக உரிய சொத்தோ வருமானமோ, மீன்பிடி உரிமை உட்பட, அரசு அவ்வாறு அறிவித்தால் ஊராட்சியைச் சேரும் என்பது அதன் சாரம். ஊருக்கு அப்படி ஓர் உரிமை இருப்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது. அந்த உரிமையை ஊரின் பெயரில் விட்டுவைக்க மட்டும் அதற்கு மனம் வரவில்லை.

இனி ஊரின் பக்கம். ஊரின் உறுப்பினர் தனிமனிதரல்லர், தலைக்கட்டு. திருமணமான ஆண் ஒருவரைத் தலையாகக் கொண்ட குடும்பம் ஒரு தலைக்கட்டு. அதன் பேரில் வரி. அம்மன் திருவிழாவுக்கும் வழக்குச் செலவுக்கும் ஊர்ப் பொது வேலைக்கும் அந்த வரிதான் முதல். நகராட்சிக்கு வரி கட்டாதவருக்கு அறிவிக்கை வரும், பிறகு ஜப்தி வரும். ஊரிலோ தண்டனை நேர் எதிர்த் திசையில் வருகிறது. ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவரிடம் வரி வாங்க மறுத்துவிடுவார்கள். அவர் பணத்தோடு போய் நின்றாலும் கணக்கில் எழுத மாட்டார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டுச் சாவுக்கு ஊர் வராது. அவர் படகைத் தள்ளக் கை வராது. காப்புக் கட்டும்போது அவர் வீட்டைச் சேர்த்து எண்ண மாட்டார்கள். வரி செலுத்துவது சுமையாக இல்லாமல் தகுதியாக இருக்கும் இடம் இது. அரசியல் தத்துவ நூல்கள் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

ஊரின் தண்டனையில் தெய்வத்தின் இடமும் இங்கே தெளிவாகிறது. தெண்டமாக வரும் பணம் பஞ்சாயத்தார் பைக்குப் போகக் கூடாது. அம்மன் கணக்குக்குப் போக வேண்டும். கத்தோலிக்கக் குப்பத்தில் கோயில் கணக்குக்கு. தீர்ப்புச் சொல்பவர் தீர்ப்பால் பயன் பெறுபவராக இருக்கக் கூடாது என்னும் நீதிநெறியை ஊர் தன் வழியில் காத்துக்கொள்ளும் முறை அது. நடைமுறையில் இது எப்போதும் காக்கப்படுகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பஞ்சாயத்தார் மீது எழும் பழிகளில் மிகக் கனமானது கோயில் பணத்தைத் தின்றார் என்பதுதான். நெறி உயிரோடு இருப்பதற்கு அதுவே சான்று. இதில் ஒரு முரண் உண்டு. 1925இல் பிரிவி கவுன்சில் தெய்வ மூர்த்தியைச் சட்டப்படியான நபர் என்று உறுதிப்படுத்தியது. அம்மன் நிலம் வைத்துக்கொள்ளலாம், வழக்குத் தொடுக்கலாம். அவளுக்கு விழா எடுக்கும் ஊருக்கு, சங்கமாகப் பதிவு செய்துகொண்டாலன்றி, அந்தத் தகுதி கிடையாது.

ஊரின் ஆணை எவ்வளவு தூரம் நுணுக்கமாகச் செல்லும் என்பதற்குப் பழவேற்காட்டு ஏரியின் பாடு முறை நல்ல எடுத்துக்காட்டு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் கிடக்கிறது. இறால் நடமாட்டம் மிகுந்த முகத்துவாரப் பகுதியில் சுத்துவலை கட்டும் இடங்கள் குறைவு. கட்ட விரும்புவோர் அதிகம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் அந்த இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தைத் தலைமுறைகளாக நடத்தி வந்திருக்கின்றன. எந்த ஊருக்கு எந்த நாள், அந்த ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சுழற்சியும் சீட்டும் தீர்மானிக்கும். நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சாதாரண இடம் வரலாம். அதில் குறைப்பட எதுவும் இல்லை.

இந்த மூன்று ஊர்களில் இரண்டு இந்து ஊர்கள். மாதாகுப்பம் கத்தோலிக்க ஊர். அங்குள்ள மகிமை மாதா கோயில் 1515இல் போர்ச்சுகீசியர் காலத்தில் தோன்றியது. பின்னர் டச்சுக்காரர்கள் வந்து 1613இல் கெல்திரியாக் கோட்டை கட்டினார்கள், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர், அதற்குப் பின் இரண்டு மாநில அரசுகளின் மீன்வளத் துறைகள். வெவ்வேறு தெய்வங்களின் பேரில் நடக்கும் ஊர்கள் ஒரே நீரை ஒரே முறைப்படி பகிர்ந்துகொள்கின்றன என்றால், ஊரின் அதிகாரத்துக்கு அடிப்படை குறிப்பிட்ட ஒரு சமய நம்பிக்கை என்று சொல்ல முடியாது. தெய்வம் இங்கே சாட்சி. கொடுத்த சொல்லைக் கேட்டுக்கொண்டிருப்பது. சொல் கொடுத்தவர்கள் மனிதர்களே.

சாட்சி என்றவுடன் இதே மாவட்டத்தின் மேற்கே திருவாலங்காட்டுக்கு அருகிலுள்ள பழையனூரை நினைக்காமல் இருக்க முடியாது. நீலி கதை தமிழகம் அறிந்தது. பெண்ணுருவில் வந்த பேய் ஒன்று வணிகன் ஒருவனைத் தன் கணவன் என்று சொல்லி ஊர் மன்றத்தில் நிற்கிறது. அவனோ அவள் தன்னைக் கொல்ல வந்தவள் என்று கதறுகிறான். மன்றத்தார் எழுபது வேளாளர். அவள் பேச்சை நம்பி, அவளோடு போகச் சொல்லி, உன் உயிருக்குத் தீங்கு வந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இக்கதையைக் குறிப்பாகச் சுட்டுகிறது. பழையனூரில் இறைவனுக்குச் சாட்சி பூதேஸ்வரர் என்று பெயர்.

இக்கதையை வாய்மையின் பெருமையாகவே படிப்பது வழக்கம். அதிகாரம் பற்றிய கதையாகவும் படிக்கலாம். அப்படிப் படிக்கும்போது அதன் கூர்மை வேறு. மன்றத்தார் தவறான தீர்ப்புச் சொன்னார்கள். விசாரணையில் ஏமாந்தார்கள். அவர்களைத் தண்டிக்க மேல் நீதிமன்றமோ அரசனோ கதையில் வருவதில்லை. அவர்களுடைய தீர்ப்புக்கு வலிமை தந்தது எதுவோ அதுவே அவர்களைத் தீக்குள் கொண்டுபோகிறது. அவர்கள் ஆணையிட்டதோடு நிற்கவில்லை. அந்த ஆணைக்குப் பிணை நின்றார்கள். பிணை நிற்காமல் சொல்லப்பட்டிருந்தால் அது வெறும் யோசனை. வணிகன் அதைக் கேட்டிருக்கவும் மாட்டான்.

குப்பத்து ஊரும் தன் அதிகாரத்தை இந்த வழியில்தான் சம்பாதிக்கிறது. கடலில் ஒரு படகு திரும்பாவிட்டால் ஊர்ப் படகுகள் எல்லாம் தேடிப் போகின்றன; டீசல் செலவு பொது. சாவு விழுந்த வீட்டுக்காக அன்று யாரும் தொழிலுக்குப் போவதில்லை. ஊர்க்காரர் ஒருவரை வேறு ஊர்க்காரர்கள் படகோடு பிடித்துவைத்தால் மீட்டு வருவது ஊர். காவல் நிலையத்தில் முதலில் போய் நிற்பது ஊர். நகராட்சியோ ஊராட்சியோ இவற்றில் எதையும் செய்யக் கடமைப்பட்டதல்ல. செய்தாலும் அது நலத்திட்டம், பிணை அல்ல. ஊர் சொன்னால் கேட்கிறார்கள் என்று வியக்கும் அதிகாரிகள், ஊர் எதற்கெல்லாம் போய் நிற்கிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பழைய நூல்களும் இதை அறிந்திருந்தன. நாரத ஸ்மிருதி வழக்குகளைப் பதினெட்டுத் தலைப்புகளாகப் பிரிக்கிறது. அவற்றில் ஒன்று, கூட்டங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டை மீறுவது. வணிகக் குழுக்கள், ஊர்கள், வேதத்தை ஏற்காத சமயத்தார் என எவருடைய உடன்பாடாக இருந்தாலும் அரசன் காக்க வேண்டும். அரசனுக்கும் அறத்துக்கும் எதிராக இருப்பதை மட்டும் தடுக்க வேண்டும் என்பது அதன் நிலை. சோழர் செப்பேடுகள் இதன் நடைமுறையைக் காட்டுகின்றன. முதலாம் ராஜேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டு ஆணை பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்தது; அதைப் பதிவு செய்த செப்பேடுகள் 1905இல் கிடைத்தன. இத்தகைய அரசாணைகள் நாட்டாரை விளித்தே எழுதப்பட்டன. ஓலை வந்ததும் நாட்டார் எதிர்கொண்டு வணங்கிப் பெற்று எல்லையை நடந்து காட்ட வேண்டும். ஆணை அரசனுடையது, எந்த வரப்பு எங்கே என்பது நாட்டாருக்குத்தான் தெரியும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளையும் இங்கே ஒரு முறை சொல்லிவிடலாம். மேடைகளில் போதுமான அளவு சொல்லப்பட்டவைதான். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் குடவோலை விதிகளில் மெச்சத்தக்கது கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கிய கண்டிப்பு. மறைக்கக் கூடாதது, குடத்தில் பெயர் இடத் தகுதி பெற்றவர்கள் வரி செலுத்தும் நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆண்கள் மட்டுமே என்பது. சீட்டு எடுப்பது சமத்துவம்தான். யார் பெயர் குடத்துக்குள் போகிறது என்பதற்குப் பிறகு வரும் சமத்துவம். பழவேற்காட்டுப் பாடு முறையின் சீட்டுக்கும் இது பொருந்தும். பாடு முறையில் பங்கு தலைக்கட்டுக் குடும்பங்களின் ஆண்களுக்கு. அதே ஏரியில் கழுத்தளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அதில் பெயரில்லை. ஏரியை நம்பியிருக்கும் தலித் மீனவர்களுக்கும் இல்லை.

பிணை என்னும் கருத்து ஊரின் அதிகாரத்துக்கு நியாயம் தருகிறது என்றால், அதே கருத்து அதன் எல்லையையும் வரைகிறது. தான் பிணை நிற்காதவர்மேல் ஊர் ஆணை செலுத்தக் கூடாது. இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போதுதான் மரபு ஆட்சியின் உண்மையான குற்றம் தெரிகிறது. ஊர் பழமையானது என்பதோ பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்பதோ அந்தக் குற்றமல்ல. சேரியையும் இருளர் குடியிருப்பையும் தன் பொறுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர்கள் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கோயிலில் எங்கே நிற்கலாம் என்று மட்டும் ஊர் சொல்லி வந்தது. அவர்களுக்கு எதுவும் நேர்ந்தால் தீப்பாய ஊரில் ஆள் கிடையாது.

2020 ஆகஸ்ட் 15 அன்று கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கத்தில் நடந்தது இதற்குப் பக்கத்துச் சான்று. அவ்வூராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த தலித் பெண்ணைத் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. செய்தி வெளியானதும் மாவட்ட நிர்வாகம் தலையிட்டது. சில நாள்களில் ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடி ஏற்றினார். தேர்தல் அவருக்குப் பதவி தந்தது, இட ஒதுக்கீடு நாற்காலியைத் தந்தது. ஊரின் கண்ணில் முதல் மரியாதை யாருக்கு என்பதை மட்டும் அவற்றால் மாற்ற முடியவில்லை. கொடிக்கம்பம் அரசுச் சொத்து. ஆனால் அதில் கயிறு இழுப்பது அம்மன் தேரில் வடம் தொடுவது போன்ற உரிமையாகவே பார்க்கப்பட்டது. சட்டம் தந்த பதவிகள் ஊரின் மரியாதை வரிசைக்குள் எப்படி உள்ளிழுக்கப்படுகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இந்த வட்டாரத்தில் இல்லை. அதிகாரத்தை இரு அமைப்புகளும் பகிர்ந்துகொள்கின்றன என்னும் மென்மையான சொற்கள் இங்கே உதவா. அங்கே ஒன்று மற்றொன்றை விழுங்கப் பார்த்தது. மூன்றாவதான மாவட்ட நிர்வாகம் வந்து வாயைத் திறக்கவைத்தது.

நீதிமன்றங்கள் இத்தகைய விஷயங்களில் கண்டிப்பானவை. ஆறுமுக சேர்வை வழக்கில் 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதம் என்றது. 2014இல் மதத் தீர்ப்பாயங்களின் பத்வாக்களுக்குச் சட்டப் பிணைப்பு இல்லை என்றது. அரசமைப்பின் 13ஆம் உறுப்பு, சட்டமாகக் கருதப்படும் வழக்காறும் அடிப்படை உரிமைக்கு முரணானால் செல்லாது என்கிறது. ஊர்விலக்கில் மட்டும் நீதிமன்றத்தின் குரல் இன்னும் ஒன்றுபடவில்லை. பம்பாய் மாகாணம் 1949இல் சமூக விலக்கைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. தாவூதி போரா சமயத் தலைவர் தொடுத்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது; சமய ஒழுங்கைக் காக்க விலக்கி வைப்பதும் 26ஆம் உறுப்பின்படி சமயப் பிரிவின் உரிமை என்பது காரணம். அந்தத் தீர்ப்பு சரியா என்னும் கேள்வி 2023 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இதற்கிடையில் மகாராஷ்டிரம் 2016இல் சமூக விலக்குத் தடைச் சட்டம் ஒன்றைப் புதிதாக நிறைவேற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை.

சமயப் பிரிவு தன் உறுப்பினரை விலக்கலாம் என்பதில் ஒரு நியாயம் உண்டு: சேர்வதும் விலகுவதும் உடன்பாட்டின் பகுதி. ஆனால் விலக்கப்பட்டவர் வேறெங்கும் போக வழி இருந்தால்தான் அந்த நியாயம் நிற்கும். குப்பத்தில் விலக்கப்பட்ட குடும்பத்துக்குப் படகு இறக்கும் கரை அதே கரைதான். ஏரியும் அதே ஏரிதான். வெளியேறும் வழி இல்லாத இடத்தில் விலக்கு என்பது சமய ஒழுங்கைத் தாண்டிப் பிழைப்பின்மேல் விழும் தண்டனையாகிறது. அங்கே அரசு தலையிடுவது ஊரின் உரிமையைப் பறிப்பதாகாது.

தொழிற்சாலைகள் வந்த பிறகு இந்தக் கணக்கு மேலும் சிக்கலானது. எண்ணூர் அனல்மின் நிலையம், துறைமுகங்கள், காட்டுப்பள்ளிக் கப்பல்தளம், சிப்காட் என்று நிலமும் நீரும் கைமாறியபோது பேச்சுவார்த்தை மேசையில் ஊர் அமர்ந்தது. நிறுவனங்களுக்கு அது வசதி: ஆயிரம் பேரோடு பேசுவதைவிடப் பத்துப் பேரோடு பேசுவது எளிது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. மீனவ ஊர்களின் ஒன்றுபட்ட எதிர்ப்பு அதில் பெரும் பங்கு வகித்தது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும், அதே மாத இறுதியில் பெரியகுப்பத்தருகே அம்மோனியா கசிந்தபோதும், மக்களைத் திரட்டிப் போராடியவை ஊர்களே. அப்பகுதி 2011இல் கத்திவாக்கம் நகராட்சியோடு சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது. 2018 முதல் மாவட்டமும் மாறிவிட்டது. கரையில் ஊர் மட்டும் மாறவில்லை.

இழப்பீடு பணமாக வரத் தொடங்கியதும் தலைக்கட்டுப் பட்டியல் பணப் பட்டியலாகிறது. யார் தலைக்கட்டு, விதவைக்கு முழுப் பங்கா பாதியா, வேறு ஊரிலிருந்து மணம் செய்து வந்து குடியேறியவர் கணக்கில் வருவாரா என்னும் கேள்விகள் திருவிழா வரிக்காகக் கேட்கப்பட்டபோது இருந்த கனம் வேறு, பணத்துக்காகக் கேட்கப்படும்போது உள்ள கனம் வேறு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கரை நெடுகிலும் நிவாரணம் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகப் போனது. வேகமாகப் போனது, அதிகாரிகளால் அந்த வேகத்தில் கொடுத்திருக்க முடியாது. தனித்து வாழும் பெண்களும் தலித்துகளும் இருளரும் பல இடங்களில் பட்டியலில் விடுபட்டதும் அதே வழியில்தான்.

ஊரும் சட்டபூர்வ ஊராட்சியும் ஒரே பக்கம் நின்றாலும் தோற்கும் இடம் ஒன்று உண்டு. அது தேர்வாய் கண்டிகை. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் அவ்வூரார் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருந்த 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் சிப்காட் வளாகமானது. மிஷ்லின் டயர் ஆலை அங்கே வந்தது. கிராம சபையில் எதிர்த்தார்கள், நீதிமன்றம் போனார்கள், 2012இல் பிரான்சிலிருந்த அமைப்புகளோடு சேர்ந்து பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் விதிகளின்கீழ் அங்கேயே புகார் கொடுத்தார்கள். ஆலை எழும்பிவிட்டது. அரசுப் புறம்போக்கு என்னும் வருவாய்ப் பதிவேட்டுச் சொல்லுக்கு முன்னால் மரபின் உரிமையும் தேர்தலின் உரிமையும் ஒரே எடைதான், அதாவது இல்லை. உள்ளூர் அதிகாரத்தை ஊரும் ஊராட்சியும் எப்படிப் பகிர்வது என்று வாதிடுபவர்கள் பகிரப்படும் பொருள் எவ்வளவு சிறியது என்பதை முதலில் அளந்துகொள்வது நல்லது. அரசமைப்பின் 243-க்யூ உறுப்பு, ஒரு தொழில் நிறுவனம் நகராட்சிச் சேவைகளை வழங்கும் இடத்தைத் தொழில் நகரியம் என அறிவித்து, அங்கே நகராட்சியே இல்லாமல் விடவும் ஆளுநருக்கு இடம் தருகிறது. அங்கே ஊரும் இல்லை, வார்டும் இல்லை.

இரண்டு கணக்கிலும் சேராதவர்களும் இந்த வட்டாரத்தில் நிறைய. சிப்காட் ஆலைகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களுக்கு வாக்கு சொந்த ஊரில்; இங்கே தலைக்கட்டும் கிடையாது. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் 1990களிலிருந்து குடும்பங்கள் வாழ்கின்றன. பிள்ளைகள் அங்கேயே பிறந்து அங்கேயே திருமணம் செய்துகொண்டார்கள். 2021இல் அரசு இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. குடியுரிமை இல்லாததால் எந்த வார்டிலும் அவர்களுக்கு வாக்கில்லை. முகாம் தலைவர் என்று ஒருவர் இருப்பார். மனுக்கள் அவர் வழியாகப் போகும். மொழியும் சமயமும் ஒன்றாக இருந்தும் பக்கத்து ஊர்த் திருவிழாவில் அவர்கள் விருந்தினர்களே.

பிற நாடுகள் இதைச் சட்டத்தில் எழுதித் தீர்க்க முயன்றிருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்பு மரபுத் தலைவர்களை அங்கீகரிக்கிறது. 1998 நகராட்சி அமைப்புச் சட்டம் அவர்களை நகர மன்றக் கூட்டங்களில் வாக்கின்றிப் பங்கேற்க விட்டது. கானாவின் 1992 அரசமைப்பு தலைவர்களுக்கென அவைகளை ஏற்படுத்தி, அவர்கள் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்று விலக்கியது. இந்த ஏற்பாடுகளைக் கும்மிடிப்பூண்டிக்கோ பழவேற்காட்டுக்கோ கொண்டுவருவது பிழையாகவே முடியும். அங்கே அங்கீகரிக்கப்பட்டவர் ஒரு பரம்பரைத் தலைவர். ஆளைக் காட்ட முடியும். இங்கே ஊர் ஒரு கூட்டம். இன்றைய பஞ்சாயத்தாரின் பெயரை அரசிதழில் போட்டால், நாளை ஊர் அவர்களை மாற்ற முடியாது. ஊரிடம் இருக்கும் ஒரே கடிவாளத்தைச் சட்டமே அறுத்துவிடும். கத்தோலிக்கச் சமூகப் போதனை 1931இல் வகுத்த நெறி ஒன்று இதற்கு நெருக்கமாக வருகிறது: கீழுள்ள சிறு கூட்டம் தானே செய்யக்கூடியதை மேலுள்ள பெரிய அமைப்பு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்த நெறியும் சிறு கூட்டத்துக்குள் யார் மிதிபடுகிறார் என்று கேட்பதில்லை.

எனவே வேலைப் பிரிவினை ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. வலை, கரை, பாடு, துக்கம், தேடுதல் ஆகியவற்றில் ஊர் பிணை நிற்கிறது; அங்கே அதன் சொல்லை அதிகாரிகள் மதிக்கலாம், மதிக்கவும் வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தையும் விசைப்படகுகளின் தூர எல்லையையும் 1983ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் காகிதத்தில் வகுத்தாலும், கரையில் அமலாக்குவதில் பாதி வேலை ஊருடையது. திருமணம், சாதி, குற்றம், ஒருவருடைய குடியிருப்பு ஆகியவற்றில் ஊர் தன் உறுப்பினரின் அடிப்படை உரிமைக்குப் பிணை நிற்பதில்லை; அங்கே அதன் ஆணைக்கு எந்த மரியாதையும் தேவையில்லை. இழப்பீட்டுப் பட்டியல் இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. ஊர் தரும் பட்டியல் அப்படியே ஏற்கப்படாமல் கிராம சபையிலோ பகுதி சபையிலோ உரக்கப் படிக்கப்பட வேண்டும். விடுபட்டவர் அங்கே எழுந்து பேச இடம் வேண்டும். தமிழக நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 முதல் கூடத் தொடங்கியதால், ஊராட்சியாக இருந்து நகராட்சிக்குள் போன கரையூர்களுக்கும் இதற்கு இடம் இருக்கிறது.

இந்தப் பிரிவினை வேலை செய்யச் சட்டத்தின் பாதி உயிரோடு இருக்க வேண்டும். 2016இல் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோனதால் திருவள்ளூரின் ஊராட்சிகள் 2019 டிசம்பர்த் தேர்தல் வரை தனி அலுவலர்களின் கையில் இருந்தன; சென்னை மாநகராட்சி மன்றம் 2022 வரை காலியாக இருந்தது. உள்ளாட்சி இடங்களில் பெண்களுக்குப் பாதி என்னும் சட்டத் திருத்தம் வந்ததும் அதே 2016இல்தான். உட்கார மன்றமே இல்லாமல் போனதும் அதே ஆண்டில்தான். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் காலம், ஆத்துப்பாக்கம் தலைவருடையது உட்பட, 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அடுத்த தேர்தல் நடத்தப்படாமல் மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.